ஆடு கிடைக்காத செண்பகவல்லி

ஆடு கிடைத்த செண்பகவல்லியின் வீட்டு வாசலில் ஆடு கிடைக்காத செண்பகவல்லி வந்து நின்ற நேரத்தில், வீட்டுக்காரியான இவள் ஆடுகளுக்கு அகத்திக் குழையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். கைவேலையை விடாமல், திரும்பியும் பாராமல், "வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றாள், ஏனென்றால் உப்போடைப்பட்டியில் யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்லிவிட்டு அப்புறம்தான் யார் எவர் என்று முகத்தைப் பார்ப்பார்கள். தண்ணீர்ச் செம்பை நீட்டும்போதுதான் பார்த்தாள்: அதே முகம், தாடையில் அதே மச்சம், சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்து புருவத்தில் வாங்கிய அதே தழும்பு. சேலையும் தெரிந்த சேலைதான், நாலு தீபாவளிக்கு முந்தி எடுத்த வாடாமல்லிக் கலர். இவள் அதைக் கிழித்துக் குட்டிகளுக்குக் கீழே விரித்து வெகுநாளாகிறது, அவளோ அதை இன்னும் வெளியூர் போகும் சேலையாக வைத்திருந்தாள்.

"பஸ்ஸுல கூட்டமா?" என்று இவள் கேட்டாள்.

"கோயில்பட்டியிலருந்து நின்னுக்கிட்டேதான் வந்தேன்" என்றாள் வந்தவள். ஒரு மடக்கில் செம்பைக் காலி பண்ணிவிட்டு, மேலும் கீழும் பார்த்தாள். "நீ நல்லா ஊதியிருக்க. ஆனா ஒம்மேல ஆட்டுப் புழுக்க வாசம் அடிக்குது."

இப்படித்தான் அது நடந்தது. இதற்கு வித்து மூன்று வருசத்துக்கு முந்தி, காளியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் விழுந்தது. சென்னையில் இருக்கும் ஏதோ ஒரு ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ரோஸ்லின் என்று ஒரு தூத்துக்குடிப் பெண், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பலகை மாதிரி ஒரு போனுமாக வந்து, ஏழைகளுக்கு எதைக் கொடுத்தால் வறுமை குறையும் என்று ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் கொடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், அப்படி நிரூபித்துச் சொன்னால் சர்க்கார் அதையே எல்லா ஊருக்கும் கொடுக்கும் என்றாள். அதற்காகப் பாதி வீடுகளுக்குப் பெண்கள் பேரில் பெட்டையாடுகள், வளர்க்கப் பயிற்சி, வைத்தியம்; மீதி வீடுகளுக்கு இப்போதைக்கு ஒன்றும் கிடையாது, வருசா வருசம் கேள்வி மட்டும். எந்த வீட்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். கம்ப்யூட்டரே குலுக்கிவிடும் என்று அவள் சொன்னதை ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, கம்ப்யூட்டர் குலுக்கினதை யார் பார்த்தது. ஆகவே ஒரு பிளாஸ்டிக் குடத்தில் சீட்டுகளைப் போட்டு எல்லாரும் பார்க்கக் குலுக்கி எடுத்தார்கள். செண்பகவல்லிக்கு ஆடு விழுந்தது. எதிர்வீட்டு முத்துப்பேச்சிக்குக் கேள்வி விழுந்தது.

முத்துப்பேச்சி சும்மா விடுகிற ஆள் இல்லை. "எல்லாருக்கும் குடுத்துட்டு, போன வருசம் எப்படி இருந்தோம், இந்த வருசம் எப்படி இருக்கோம்னு பாத்தா ஆகாதா?" என்று கேட்டாள்.

"இந்த வருசம் மழை பேஞ்சு நல்லாயிருந்தீங்கன்னா, அது ஆட்டாலயா மழையாலயான்னு எப்படிக்கா தெரியும்?"

"அப்ப ஆசப்பட்டவங்களுக்குக் குடு."

"ஆசப்பட்டு முன்னால வர்றவங்க ஏற்கெனவே சூட்டிகையா இருப்பாங்க. அவங்க ஆடு இல்லாட்டியும் முன்னேறிருவாங்க" என்றாள் ரோஸ்லின். "நெசமாப் பாத்தா, ஒரே ஆளுக்கு ஆடு குடுத்தும் பாக்கணும், அதே ஆளுக்குக் குடுக்காமலும் பாக்கணும். அது நடக்காதுல்ல? அதனாலதான் சீட்டு."

நடக்காது என்று அவள் சொன்னது காளியம்மனுக்கு எதிரே நின்றுகொண்டு. அந்த அம்மன் முன்னால் நடக்கும் என்று சொன்னாலும் வம்பு, நடக்காது என்று சொன்னாலும் வம்பு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பாவம், தூத்துக்குடிக்காரிக்கு எப்படித் தெரியும்.

செண்பகவல்லி வீட்டுக்கு மட்டுமா வந்தார்கள்? மூன்று வருசம் கழித்து, வந்தவள் வந்த அந்தக் காலை மினிபஸ்ஸில் இறங்கியவர்கள், சீட்டு வேறு மாதிரி விழுந்த அதே ஊர்ப் பெண்கள், ஆடு கிடைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருத்தி வீதம் பிரிந்து போனார்கள், யாரையும் வழி கேட்கவில்லை, நாய்கள்கூடக் குரைக்கவில்லை. ஆடு பெண்கள் பேரில் கொடுக்கப்பட்டதால் பெண்கள் மட்டுமே வந்தார்கள். கண்டக்டர் எல்லாரிடமும் டிக்கெட் வாங்கிவிட்டதால் இதில் கேள்வி கேட்க எதுவுமில்லை என்று ஊர் எடுத்துக்கொண்டது. கிடைக்காத வீட்டுக்காரர்கள்தான் ரெண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், தங்களைத் தேடி ஆடு கிடைத்த தாங்கள் வரக்கூடும் என்று. ஒருத்தியும் வரவில்லை. "உள்ளவ இல்லாதவளத் தேடி எந்தக் காலத்துல வந்தா" என்று சொல்லிவிட்டு முத்துப்பேச்சி வாசல் பெருக்கப் போனாள்.

காளியம்மன் கோயில் பங்குனிக் கொடைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்ததால் ஊருக்கு உடனே வந்த கவலை வேறு. கொடைக்குத் தலைக்கட்டு வரி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று, பிரிக்க வேண்டும். வந்தவர்களைத் தனித் தலைக்கட்டாக எண்ணுவதா, உள்ள தலைக்கட்டிலேயே சேர்ப்பதா? ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். விருந்தாளிக்கு வரி கிடையாது என்றார் ஒருவர். விருந்தும் மருந்தும் மூன்று நாள், அதற்கு மேல் விருந்தாளி என்று எப்படிச் சொல்வது என்றார் இன்னொருவர். கடைசியில் ஊர்த்தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று நாள் வரைக்கும் அவர்கள் விருந்தாளி, நாலாம் நாளிலிருந்து அவரவரே அவரவர், தன் வீட்டில் தான் இருப்பதற்கு யாரும் வரி கேட்க முடியாது, ஆனால் முளைப்பாரி தூக்க ஆள் கூடுதலாகக் கிடைத்தது அம்மன் கொடுத்தது என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் கலைந்து போனார்கள். இதைவிடச் சின்ன விசயத்துக்கெல்லாம் அந்த ஊரில் மண்டை உடைந்திருக்கிறது.

நாலாம் நாளிலிருந்து வந்த செண்பகமும் இந்தச் செண்பகமும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி குழை ஒடிக்கப் போனால் ஒருத்தி உலை வைத்தாள், ஒருத்தி பால் கறந்தால் ஒருத்தி குட்டியைப் பிடித்துக்கொண்டாள், ஒருத்தி தொடங்கிய பேச்சை ஒருத்தி முடித்து வைத்தாள். கட்டட வேலைக்குப் போய்விட்டு வந்த புருசன் காசிப்பாண்டி, வாசலிலேயே செருப்பைக் கழற்றாததற்கு ரெண்டு பக்கமிருந்தும் வசவு வாங்கி, "ஒண்ணையே சமாளிக்க முடியல" என்று டீக்கடையில் போய்ப் புலம்பினான். அவனைப் பார்த்தபோதெல்லாம் வந்தவள் கொஞ்சம் தள்ளி நின்றாள். அவளுடைய காசிப்பாண்டி கேரளாவுக்குக் கொத்து வேலைக்குப் போய், வருகிறேன் வருகிறேன் என்று போனில் மட்டும் வந்துகொண்டிருந்தான்.

ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி அளந்துகொண்டே இருந்தார்கள், அதைச் சொல்ல வெட்கம் என்ன. இவளுக்குக் கன்னத்தில் சதை, அவளுக்குக் கழுத்தெலும்பு. ஆனால் எல்லாமே இவளுக்குத்தான் என்று நினைத்தால் அது தப்பு. வந்தவள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை செய்ததால் விரல்கள் மின்னலாக ஓடின, நாலு ஊர்ப் பெண்களோடு பழகியதால் வாய் ஓடிற்று, எந்த பஸ் எங்கே போகும் என்பது அத்துப்படி. இவளோ மூன்று வருசமாக ஆட்டுக்குப் பின்னாலேயே நடந்து நடந்து, மனுசரோடு பேசும்போதும் ஆட்டை ஓட்டுகிற மாதிரி 'த்தா, த்தா' என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அவள் சொல்கிற ஆபீஸ் கதைகளைக் கேட்டு இவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். தன் வாயிலேயே இவ்வளவு வேடிக்கை இருந்தது தெரியாமல் போயிற்றே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் முதல் நாளே ஒன்று நடந்தது, அதை இவள் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு மகள் மாரிச்செல்வி வந்தாள், பத்தாம் வகுப்பு, ரெட்டைச் சடை, மடித்துக் கட்டிய நீல ரிப்பன். வந்தவள் வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்க மறந்து அப்படியே இருந்தாள். பிள்ளை ரெண்டு அம்மாவையும் பார்த்தாள், புத்தகப் பையை இறக்கினாள், சோறு கேட்டாள். சாப்பிட்டு முடித்ததும் வந்தவள் கூப்பிட்டுச் சடையை அவிழ்த்து, அது கலையாமல்தான் இருந்தது, மறுபடியும் பின்னினாள். பின்னி முடித்து அவிழ்த்து இன்னொரு தடவை பின்னினாள்.

"எம்மா" என்றாள் மாரிச்செல்வி அவளைப் பார்த்து. இவளுக்குச் சுருக்கென்றது. "நீ மட்டும் வந்திருக்க. நான் வரலையா?"

"நீ மில்லுல இருக்க தாயி" என்றாள் வந்தவள். "கொடைக்குத்தான் லீவு விடுவாக."

அப்புறம் பிள்ளை படிக்க உட்கார்ந்தபின், அவள் மெதுவாகச் சொன்னாள், இவள் மெதுவாகக் கேட்டாள், கேட்கக் கேட்க இவளுக்கு எல்லாம் தெரிந்த கதையாகவே இருந்தது. மழை பொய்த்த வருசம், காட்டில் ஒரு வேலையும் இல்லாதபோது, நூல் மில்லுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் தரகன் ஒரு ஜீப்பில் வந்தான். ரெண்டு செண்பகவல்லிகளின் வாசலிலும் அதே ஜீப்தான் நின்றது, அதே ஆள்தான் பல்லைக் காட்டினான், தங்க இடம் சாப்பாடு எல்லாம் உண்டு, மூணு வருசம் முடிந்தால் மொத்தமாகப் பணம் என்று அதே பேச்சைத்தான் பேசினான். இவள் கொட்டிலில் நின்ற கிடாக்குட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாட்டேன் என்றாள். அடுத்த சந்தைக்கு அவற்றை எட்டயபுரம் ஓட்டிப் போனாள். அவளும் கொட்டில் இருக்கவேண்டிய பக்கம் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்வதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டியிருக்கிறது.

"மூச்சு இழுக்குதுன்னு சொல்லுதா, பஞ்சு தூசி ஆகல" என்றாள் வந்தவள். "கொடைக்கு வருவா. கொடை முடிஞ்ச மறுநாள் ஜீப்பு திரும்ப வந்து கூட்டிட்டுப் போகும். அதுக்கு முன்ன அவள ஒரு தடவை, ஒங்கிட்ட இருக்கிற மாதிரி பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். வேற ஒண்ணும் கேக்க வரல."

கேட்கவில்லைதான். கேட்டிருந்தால்கூட இவளுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அந்த வாரம்தான் ரோஸ்லின் கடைசிக் கணக்கெடுப்புக்கு வந்தாள். வீட்டுக்கு ரெண்டு பெண்களைப் பார்த்ததும் முதலில் தலையைப் பிடித்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்தாள். அப்புறம் அவளுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே. உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரருக்கும் கிடைக்காதது, கொடுத்த ஆளும் கொடுக்காத அதே ஆளும் ஒரே வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். உடனே சென்னைக்குப் போன் போட்டாள்.

"அவங்க பேரு பட்டியல்ல இருக்கா?" என்று கேட்டார் அந்தப் பக்கம் இருந்த சார்.

"பேரு இருக்கு சார். ஆனா அது இவங்க பேரு."

"அப்ப ஏற்கெனவே எண்ணியாச்சு. ஒருத்தரை ரெண்டு தடவை எண்ணக் கூடாது. பட்டியல்ல இல்லாதவங்கள எண்ணவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

ரோஸ்லினுக்கு முகம் தொங்கிப்போயிற்று. செண்பகவல்லியோடு ஒப்பிட முத்துப்பேச்சியையே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "என்னைய இவகூடச் சேத்துப் பாத்தா ஒங்க கணக்கு தப்பாத்தான் வரும், நான் இவள விடக் கெட்டிக்காரி" என்றாள் முத்துப்பேச்சி. அதற்காகத்தான்க்கா ஒரு வீட்டை வைத்துப் பார்க்காமல் நூற்றுக்கணக்கான வீடுகளைப் பார்க்கிறோம், கெட்டிக்காரியும் அசடும் ரெண்டு பக்கமும் சரிசமமாகக் கலந்திருப்பார்கள் என்றாள் ரோஸ்லின். தன்னை எந்தப் பக்கம் சேர்த்தார்கள் என்று முத்துப்பேச்சி கேட்கவில்லை.

எல்லாக் கேள்வியும் முடிந்து டீ குடிக்கும்போது செண்பகவல்லி சொன்னாள்: "தங்கச்சி, அந்தச் சினை ஆட்ட அவகிட்ட குடுத்து விடலாம்னு இருக்கேன்."

ரோஸ்லின் டீயைக் கீழே வைத்தாள். அந்த ஆட்டின் காதில் மஞ்சள் வில்லை மாட்டியிருந்தது. ஆராய்ச்சிக் கூடம் முதலில் கொடுத்த ஆடு, இன்றோ நாளையோ குட்டி போடும்போல இருந்தது. "வேண்டாம்க்கா. ஊரு முழுக்க எண்ணி முடிக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு, அதுவரைக்கும் வில்லை போட்ட ஆடு கை மாறக் கூடாது. நீங்க குடுத்தா எல்லாரும் குடுப்பாங்க. அப்புறம் கெடச்ச வீட்டுக்கும் கெடைக்காத வீட்டுக்கும் வித்தியாசமே இருக்காது. வித்தியாசம் இல்லன்னா ஆட்டால ஒரு பிரயோசனமும் இல்லன்னு எழுதிருவாங்க. முத்துப்பேச்சி அக்காவுக்கு மட்டும் இல்ல, மாவட்டத்துல எவளுக்குமே கெடைக்காது."

"ஒரு வாரம் கழிச்சுக் குடுத்தா?"

"குடுங்க. யாரு வேண்டாம்னு சொன்னா."

ஆனால் கொடை வெள்ளிக்கிழமை. வந்தவள் நாளைக் காலை பஸ்ஸில் போனால்தான் லீவில் வரும் பிள்ளைக்குக் கதவைத் திறந்து விட முடியும். சனிக்கிழமை ஜீப் வரும்.

அன்று மத்தியானம் செண்பகவல்லி ஆடுகளை ஓடைப்பக்கம் விட்டுவிட்டு உடைமரத்து நிழலில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ஊர் பேர் தெரியாத எத்தனையோ பெண்கள், அவர்கள் வாசலில் எல்லாம் எத்தனையோ ஜீப்கள். இன்னொரு பக்கம் ஒரே ஒரு பிள்ளை, அதுவும் யார் பிள்ளை, தன் பிள்ளை. தான் பெற்ற அதே பிள்ளைக்குத் தான் பார்க்காத ஊரில் மூச்சு இழுக்கிறது. எல்லாருக்கும் நல்லது நடக்க இந்த ஒருத்தி போகட்டும் என்று நினைக்க அவளால் முடியவில்லை, இவளுக்காக மற்றவர்கள் போகட்டும் என்று நினைக்கவும் முடியவில்லை. இந்த மாதிரி யோசனையெல்லாம் ஆடு கிடைக்காதவளுக்கு இல்லை, அந்த மட்டுக்கு அவள் பாடு தேவலை என்றும் ஒரு கணம் தோன்றிற்று. அப்போது பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். "இதெல்லாம் ஒன் ஆடா?" என்று சும்மாதான் கேட்டாள். "எங்க மதினி, அடுத்தவங்க ஆடு, வாரத்துக்கு மேய்க்கேன்" என்றான் அவன். செண்பகவல்லி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை மினிபஸ் நிற்கும் இடத்துக்கு ஆட்டைப் பிடித்துக்கொண்டு அவளும் வந்தவளும் வந்தார்கள். ரோஸ்லின் ஓடி வந்தாள்.

"அக்கா, அவ்வளவு சொன்னேனே."

"குடுக்கல தங்கச்சி. வாரத்துக்கு விடுறேன்."

"அப்படின்னா?"

கூடியிருந்தவர்கள் எல்லாருமாக விளக்கினார்கள். ஆடு உள்ளவள் இல்லாதவளிடம் வளர்க்க விடுவது. பாலும் பாதிக் குட்டியும் வளர்ப்பவளுக்கு, ஆடும் மீதிக் குட்டியும் விட்டவளுக்கு. பங்குக் குட்டியைத் திருப்பி அனுப்பும்போது, அது புது வீட்டில் ஏங்காமல் இருக்க, வளர்த்த வீட்டுத் துணி ஒன்றைக் கழுத்தில் கட்டி விடுவது. இதில் பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, இதுவரை யாரும் யாரையும் ஏமாற்றியதும் கிடையாது, ஏமாற்றியவன் ஒருத்தன் இருந்தான், அவன் இப்போது ஊரில் இல்லை.

"அப்ப ஆடு யாரோடது?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

"என்னோடதுதான். எண்ணிக்கோ."

"வாங்கிட்டுப் போறவங்க எந்த வீடு?"

"இந்தா நிக்கிறாளே."

ரோஸ்லின் வந்த செண்பகத்தைப் பார்த்தாள். வாடாமல்லிச் சேலை, கழுத்தெலும்பு, கயிற்றை இறுக்கிப் பிடித்த விரல்கள். கண்டக்டர் விசில் ஊதினார்.

"அவங்க பேரு பட்டியல்ல இல்ல" என்றாள். "பட்டியல்ல இல்லாதவங்கள எண்ண வேண்டாம்னு சாரே சொல்லிட்டாரு." சொல்லிவிட்டு, ஆட்டைப் பின்னாலிருந்து தள்ளிப் படியில் ஏற்றிவிட்டதும் அவள்தான். கண்டக்டர் ஆட்டுக்கு அரை டிக்கெட் போட்டார், வயிற்றில் இருந்ததற்குப் போடவில்லை.

ஏறுமுன் வந்தவள் இவள் கையைப் பிடித்தாள். ஒரே கைகள், ஒன்றில் தீப்பெட்டி மருந்துக் கறை, ஒன்றில் புழுக்க வாசம். "திரும்பி வருவேனான்னு தெரியல" என்றாள். "நீ வர வேண்டாம். ஜீப்பு வந்தா ஆட்டக் காட்டி மாட்டேன்னு சொல்லு. அது போதும்" என்றாள் செண்பகவல்லி.

ஒருத்தி செய்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா, அடுத்தடுத்த பஸ்களில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆடு வாரத்துக்கு ஏறிப் போயிற்று. தன்னையே நம்பாதவள் யாரை நம்புவாள். ரோஸ்லின் எண்ணி முடித்துப் போனாள். கிடைத்த வீடுகள் கிடைக்காத வீடுகளை விடக் கொஞ்சம் மேல், அதிகமில்லை, ஆனால் சத்தியமாக மேல் என்று கணக்கு வந்ததாகவும், கோப்பு சென்னையில் நகர்ந்துகொண்டிருப்பதாகவும் போனில் சொன்னாள். கோப்பு நகரும் வேகம் நமக்குத் தெரியாததா. ஆனால் சித்திரை பிறந்த ஒரு காலையில் முத்துப்பேச்சி வாசல் தெளிக்க வெளியே வந்தபோது, காதில் மஞ்சள் வில்லை மாட்டிய ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் சதையோடு ஆடு கிடைத்த முத்துப்பேச்சி நின்றாள். "இவ்வளவு நாளா எங்கடி போன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆட்டின் மடியைத் தடவிப் பார்த்தாள் முத்துப்பேச்சி.

செண்பகவல்லி மட்டும் தினமும் மினிபஸ் வரும் நேரத்துக்கு ஏதாவது வேலை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, பள்ளிக்கூடம் திறந்து மாரிச்செல்வி பதினொன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். ஜீப் வந்திருக்கும், அவள் சொல்லியிருப்பாளா, ஆட்டைப் பார்த்து அந்த ஆள் சிரித்திருப்பானா, ஆடு நல்லபடியாகத்தான் ஈன்றதா. கேட்க ஒரு போன் நம்பர்கூட இல்லை. இருந்த நம்பர் இவளுடைய நம்பர்தான்.

ஆடியில், காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கண்டக்டர் பஸ்ஸிலிருந்து ஒரு பெட்டைக்குட்டியைத் தூக்கி இவள் கையில் கொடுத்தார். யார் ஏற்றிவிட்டது என்று கேட்டதற்கு, நீங்கதான் என்றார். சாம்பல் நிறம், தாயின் அதே வெள்ளைக் காது. கழுத்தில் வளர்த்த வீட்டுத் துணி கட்டியிருந்தது: ஒரு முழ நீல ரிப்பன்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வெளியே வந்த மாரிச்செல்வி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். பழைய ரிப்பன் இல்லை, இந்த வருசப் பள்ளிக்கூடத்துக்கு எடுக்கிற புதிது. கடைக்காரர் வெட்டிய முனை இன்னும் பிசிறவில்லை. பாதியாக மடித்து, இடப்பக்கம் ஒரு சுற்றுக் கூடுதலாக விட்டுப் போட்ட முடிச்சு. அவள் தன் சடையை முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

"எம்மா, இது நான் கட்டினது" என்றாள்.

செண்பகவல்லி குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, தெரு பார்க்க, சத்தம் போட்டு அழுதாள். எதிர்வீட்டிலிருந்து ரெண்டு முத்துப்பேச்சிகளும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பஸ் கிளம்பிவிடும், ஓடு என்று பிள்ளையை விரட்டிவிட்டு, குட்டிக்குக் குழை ஒடிக்கப் போனாள்.